நோம்பு இல்லை என்றோம்

எனக்குப் பைத்தியம் பிடித்திருந்த நாட்களைப் பற்றிக் குமுளியில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். ஜீப் ஸ்டாண்டில் பேசினார்கள், சபையில் பேசினார்கள், நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கொட்டகையில் பேசினார்கள். பேசாமல் இருந்த ஒரே ஆள் நான்தான். இத்தனைக்கும் வாய்க்காரி என்று பேர் வாங்கியவள். இப்போது உடம்பு தேறிவிட்டது, பேனா பிடிக்க விரல்களில் தெம்பு வந்துவிட்டது. என் கதையை இனி நானே சொல்லிக்கொள்கிறேன். யாருக்காவது உபயோகப்பட்டால் சந்தோஷம்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் வீட்டுக்காரர் தங்கராஜ், கம்பத்துக்காரர், ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் கம்பத்துக்கு இறங்கித் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வருவார். மகள் பெனிட்டா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்களுக்குப் பெனி. நான்காவது ஆள் என் அம்மா ரூத். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். சபையில் அவளுக்கு உபவாச அம்மா என்று பெயர். வெள்ளிக்கிழமை என்றால் சாயங்காலம் வரை தண்ணீர் மட்டும்தான். யாருக்கு ஆபரேஷன் என்றாலும், யார் வீட்டுப் பிள்ளைக்கு வேலை வேண்டும் என்றாலும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மாவும் சாப்பாட்டை விட்டுவிட்டு முழங்காலில் நின்றுவிடுவாள்.

எனக்கு முதலில் வந்தது வயிற்றுவலி. அதை எப்படிச் சொல்ல? பெனியைப் பெற்ற வலிக்கு நடுவிலாவது மூச்சுவிட இடம் இருந்தது. இதற்கு அதுவும் கிடையாது. தொப்புளைச் சுற்றிப் பிடிக்கும், முதுகுக்குப் போகும், தொடைக்கு இறங்கும். ஆனால் வயிற்றை அமுக்கிப் பார்க்கும் டாக்டர் கையில் ஒன்றும் தட்டுப்படாது. ஸ்கேன் எடுத்தால் சுத்தமாக இருக்கும். சில வருஷம் முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் குடல்வால் என்று சொல்லி அதை எடுத்தே விட்டார்கள். எடுத்த பிறகு, அது நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். நன்றாக இருந்ததை எதுக்குய்யா எடுத்தீங்க என்று கேட்டேன். இனிமேல் வலி வராது என்றார்கள். வந்தது.

எப்போதும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில்தான் வரும். இதைக்கூட நான் கவனிக்கவில்லை. கவனித்தது அம்மா. கவனித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டாள். காரணம், லீதியாள் சித்தி.

லீதியாள் அம்மாவின் தங்கை. நான் பிறக்கும் முன்பே போய்விட்டாள். கல்யாணம் பேசிய வயசில் மாசாமாசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாளாம். பிறகு தூங்காமல் தனக்குத் தானே பேசினாளாம், பெற்றவர்களையே திட்டினாளாம். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் பேய் என்றார்கள். பேயை விரட்ட உபவாச ஜெபம் வைத்தார்களாம். கடைசியில் கை கால் துவண்டு, மூச்சு இழுக்க முடியாமல் முடிந்துபோனது. எங்கள் வீட்டில் அவளுடைய போட்டோ கிடையாது. அவள் பெயரைச் சொன்னால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரே ஒரு பயம்தான், நானும் சித்தி மாதிரி ஆகிவிடுவேனோ என்று. ஏனென்றால் பார்த்தவர்கள் எல்லோரும் என் முகம் அவள் முகம் என்பார்கள்.

போன வருஷம் மழை தொடங்கிய சமயம் வலி வந்தது. இந்த முறை வலியோடு நிற்கவில்லை. தூக்கம் போனது. கொட்டகையில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் பெண்கள் என்னைப் பற்றிக் குசுகுசு என்று பேசுவது கேட்டது. திரும்பினால் எல்லோரும் வாயை மூடிக் குனிந்து வேலை பார்க்கிறார்கள். மூன்றாவது நாள் மேஸ்திரி கொடுத்த டீயில் விஷம் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் செய்தேன். முறத்தோடு ஏலக்காயை அவர் மேல் எறிந்தேன். முதல் தரம் காய், பச்சைப் பசேலென்று தரை முழுக்க. பாவம் மனுஷன், ஒரு வார்த்தை திட்டாமல் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்த்தாள்.

"ஏட்டி ராணி, பயப்படாத. நாம உபவாசத்துல நிப்போம். நானும் உங்கூட இருக்கேன்" என்றாள்.

மூன்று நாள் உபவாச ஜெபம். பாஸ்டர் வந்தார், சபைப் பெண்கள் வந்தார்கள். நல்லவர்கள், என் தலையில் கை வைத்து அழுதார்கள். எனக்குத் தண்ணீர் மட்டும். எப்படியும் வாந்தியில் எதுவும் நிற்கவில்லை என்பதால் நானும் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு வலிப்பு வந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டு மலைமேலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே டிரிப் ஏற்றினார்கள். குளுக்கோஸ். வலிப்பு நிற்க ஊசி போட்டார்கள், மனநல டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஊசி போட்டதும் இன்னும் மோசமானேன், அதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. மனசு சம்பந்தமான நோய், சமாதானமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அங்கிருந்த டாக்டர் ஒருவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டாராம். மலையாளத்தில், "நோம்பு வல்லதும் உண்டாயிருந்நோ?" என்று. நோன்பு ஏதாவது இருந்தாரா என்று அர்த்தம்.

"இல்ல டாக்டர். நாங்க நோம்பெல்லாம் எடுக்கமாட்டோம்" என்றாளாம் அம்மா.

பொய் இல்லை. சத்தியமாகப் பொய் இல்லை. எங்கள் பேச்சில் நோம்பு என்றால் பஜாரில் பாய்மார் ரம்ஜானுக்கு எடுப்பது. பெரிய கோவிலுக்குப் போகிற மலையாளத்துக் கத்தோலிக்கர்கள் ஈஸ்டருக்கு முன்னால் மீன், இறைச்சி விடுகிறார்களே, அதுவும் நோம்பு. நாங்கள் இருப்பது உபவாசம். எங்கள் சபையில் "நாங்க நோம்புக்காரங்க இல்ல" என்று கொஞ்சம் மிடுக்காகவே சொல்லிக்கொள்வோம். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

குளுக்கோஸ் ஏற ஏற எனக்குத் தெளிந்தது. ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு அனுப்பினார்கள். தெளிந்தது டிரிப்பால் என்று யாருக்குத் தெரியும்? ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையே கொண்டாடியது. அடுத்த மாதம் நன்றி செலுத்த இன்னொரு மூன்று நாள் உபவாசம் வைத்தார்கள். நானும் மனசார உட்கார்ந்தேன். யார்தான் உட்காரமாட்டார்கள்? மாதவிலக்குக்கு முந்தைய வாரம் அது.

இரண்டாவது முறை வந்ததில் எனக்கு நினைவே துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. ஜீப் குட்டிக்கானம் வளைவுகளில் இறங்கியது, பெனி என் கையைத் தன் துப்பட்டாவால் கட்டிப் பிடித்துக்கொண்டது, கோட்டயம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கூரை முழுக்க எறும்பு ஊர்ந்தது. எறும்பு கிடையாது என்று சொன்னார்கள். எனக்கு இருந்தது. அவை வரிசையாக நின்று என் பெயரை எழுதிக் காட்டின. சிஸ்டர் கையில் ஊசியைப் பார்த்தால் பாம்பு என்று கத்தினேனாம். என் வீட்டுக்காரர் என் சிறுநீரகத்தை விற்க வந்திருப்பதாக வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேனாம். பக்கத்துக் கட்டில் சேச்சி அவரைக் கொஞ்சநாள் சந்தேகமாகவே பார்த்திருக்கிறாள்.

கால்கள் துவள ஆரம்பித்தன. கட்டிலிலிருந்து இறங்கினால் முழங்கால் மடங்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். சித்திக்குக் கடைசியில் வந்தது அதுதானே.

பிறகு நடந்ததை என் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். அதுவும் சுலபத்தில் சொல்லவில்லை. நான் தெளிந்து உட்கார்ந்த பிறகு, நரம்பு டாக்டர் நிஷா என் கையைப் பிடித்து, "ராணிச்சேச்சி, நிங்களாணு ஞங்களை ரட்சிச்சது" என்று சிரித்தார். நீங்கள்தான் எங்களைக் காப்பாற்றினீர்கள் என்று. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அம்மா தரையைப் பார்த்தாள், வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அம்மா சோறு வாங்கப் போன நேரம் பார்த்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் என்னா சொன்னேன்? மறைக்காம சொல்லுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு ராணி? நோயில சொன்னது."

"எனக்குத் தெரியாம என் வாய் பேசியிருக்கு. என்ன பேசுச்சுன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?"

அவர் கட்டிலோரம் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் எடுத்துவைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பேச முடியாத விஷயம் என்றால் அவர் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

நிஷா டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வந்திருக்கிறார். மூத்திரப் பை ஜன்னல் பக்கம் வெயிலில் தொங்கியிருக்கிறது. ராத்திரி பார்த்தபோது சாதாரண நிறம். இப்போது பால் விடாத கட்டன்சாயா மாதிரி இருந்ததாம். டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மலைமேல் டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். நோம்பு உண்டாயிருந்நோ? அம்மா அதே பதிலைச் சொன்னாள். நோம்பு இல்லை. அந்த நிமிஷம் நான் எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினேனாம்.

"பட்டினி போட்டே சித்தியக் கொன்னா! இப்ப என்னையும் பட்டினி போட்டுக் கொல்லுதா!"

என் கத்தல் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. ஆனால் பட்டினி என்பது மலையாளத்திலும் பட்டினிதான். டாக்டர் நின்றுவிட்டார்.

"பட்டிணியோ? ஆரு பட்டிணி?"

"புத்தி பிசகிப் பேசுதா டாக்டர், அத எடுத்துக்காதீங்க. பட்டினியெல்லாம் இல்ல. மூணு நாள் உபவாசத்துல இருந்தா. அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

"உபவாசமோ? ஒண்ணும் சாப்பிடாமயா?"

"தண்ணி குடிச்சா."

"முன்னே அட்மிட் ஆனப்பவும்?"

"அதுக்கு முந்தியும் மூணு நாள் இருந்தா."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மச்சி, சித்தின்னா யாரு? அவங்க எப்படி மரிச்சாங்க?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். அம்மா அத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்ததை வார்டு நடுவில் நின்று முழுசாகச் சொன்னாள். வயிற்றுவலி, மாசாமாசம், பேய், கால் துவண்டது, மூச்சு. அன்றைக்கே என் மூத்திரத்தை வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதம் சுற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

நோயின் பெயர் போர்பிரியா. நாக்கில் நிற்கிற பெயர் இல்லை. இந்த நோய் இருந்தால் மூத்திரம் வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போகுமாம். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் அதை எங்கள் கொட்டகையாக மாற்றிப் புரிந்துகொண்டேன். ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கிற ஒரு சரக்கை உடம்பு செய்கிறது. ஈரலிலும் அதற்கு ஒரு வேலைவரிசை உண்டு. நாங்கள் காம்பு தட்டி, சல்லடையில் அளவு பார்த்து, வெடித்த காய் பொறுக்கி, மூட்டை பிடிக்கிற மாதிரி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். அந்த வரிசையில் ஓர் இடத்தில் மற்றவர்களுக்கு இரண்டு ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு ஆள்தான். ஜீன் என்கிற எழுத்தில் ஒரு பிழை, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது. சாதாரண நாளில் ஒரு ஆளே சமாளித்துவிடுவார். முதலாளி வந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினால்தான் அந்த இடத்தில் பாதி முடிந்த சரக்கு குவிந்துபோகும். குவிந்தது வழிந்து நரம்புகளுக்குப் போய் விஷமாகிறது. வயிற்று நரம்புக்குப் போனால் வலி, கால் நரம்புக்குப் போனால் துவளல், மூளைக்குப் போனால் எறும்பும் பாம்பும்.

யார் அந்த முதலாளி? பசி ஒன்று. சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் அந்த வரிசையை விரட்டுகிறது. மாதவிலக்குக்கு முன்னால் பெண் உடம்பில் ஏறுகிற ஹார்மோன் இன்னொன்று. அதனால்தான் பெரியவளான பிறகு வருகிறது, மாசாமாசம் வருகிறது, பெண்களுக்கு அதிகம் வருகிறது. சில மருந்துகளும் விரட்டும். வலிப்புக்கு முதலில் எனக்குப் போட்ட ஊசி அந்த வகை. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வலிப்பு வந்தால் யாருக்கும் கொடுப்பதுதான்.

"அப்போ என் வாய்? மேஸ்திரிய திட்டுனது, எல்லார்மேலயும் எரிஞ்சு விழறது, அதுவும் இந்த ஜீன்தானா?" என்று கேட்டேன்.

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முந்தியே இப்படித்தானா?"

"ஆமா மேடம்" என்றார் அவர், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"அப்போ அதுக்கு மருந்தில்ல" என்றார் டாக்டர். எனக்கு ஆஸ்பத்திரியில் முதல்முறை சிரிப்பு வந்தது. வயிறு வலித்தது, ஆனாலும் சிரித்தேன். மேஸ்திரி டீயில் விஷம் வைத்தார் என்றது நோய். அவர் எடையில் ஏமாற்றுகிறார் என்று நான் பல வருஷமாகச் சொல்வது நான். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்பப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வைத்தியம் குளுக்கோஸ்தான், பெரிய அளவில், ரத்தத்தில் உப்பின் அளவைப் பார்த்துப் பார்த்து. அது போதாமல் ஹீமின் என்றொரு மருந்தும் வேண்டியிருந்தது. அது ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். அதன் விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் ஜீப்பை விற்றுவிடலாம் என்றார். ஜீப்பை விற்றுவிட்டு என்னை எதில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போவீர்கள் என்று கேட்டேன். கடைசியில் ஜீப் ஸ்டாண்டுக்காரர்களும் சபையும் சேர்ந்து ஒப்பேற்றினார்கள். முறத்தடி வாங்கிய மேஸ்திரியும் கொடுத்திருந்தார். அவருடைய எடையைப் பற்றி நான் கொஞ்ச காலம் பேசுவதாக இல்லை.

சிகிச்சை ஏற ஏறக் கூரை எறும்புகள் குறைந்தன. ஒரு நாள் காலை பார்த்தால் வெறும் கூரை. கால்கள்தான் மெதுவாக வந்தன. பக்கத்துக் கட்டில் சேச்சி வெல்லம் போட்டு நனைத்த அவல் கொடுப்பாள், "இனிப்பு தின்னோ, அது உன்னோட மருந்தல்லே" என்று. பாஸ்டர் பார்க்க வந்தபோது கைநிறைய ரொட்டியும் ஜாமும் வாங்கி வந்தார். என் முன்னாலேயே உட்கார்ந்து, தானும் ஒன்றைப் பிட்டுத் தின்றார். கண் கலங்கியிருந்தது.

அம்மாதான் என்னோடு பேசவில்லை. துணி மாற்றினாள், தலை வாரினாள், கஞ்சி ஊட்டினாள், எல்லாம் செய்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது நானே ஆரம்பித்தேன்.

"அம்மா, நான் கத்துனதெல்லாம் நோய் கத்துனது. மனசுல வெச்சுக்காதம்மா."

அவள் சுளையிலிருந்து நார் எடுத்தாள். எல்லா நாரையும் எடுத்த பிறகுதான் பேசினாள்.

"நோய்தான் சொல்லிச்சு. அது பொய்யா சொல்லிச்சு?"

அந்தச் சுளையை என் கையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"அவளுக்கு வரும்போதெல்லாம் நானும் கூட உபவாசம் இருந்தேம்ளா. அவ மூணு நாள்னா நானும் மூணு நாள். எனக்கு ஒரு தலைச்சுத்தல்கூட வந்ததில்ல. எனக்கு ஆகாதது அவளுக்கு எப்படி ஆகும்? பசிக்குதுக்கான்னு அழுதா. இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கடின்னேன்."

நான் அவள் கையை இழுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சேச்சி திரையை இழுத்துவிட்டாள். அம்மா தங்கச்சிமேல் உயிரையே வைத்திருந்தாள், அதை யார் முன்னாலும் சொல்வேன். அந்தக் காலத்தில் அந்த லயத்தில் இதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. இதை நூறு தரம் அவளிடம் சொல்லியும் பார்த்துவிட்டேன். கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நடக்கப் பழகினேன். பர்ஸில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன், எனக்கு ஆகாத மருந்துகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வேளாவேளைக்குச் சாப்பாடு, இடையில் ஏதாவது இனிப்பு. பிறகு ஜீன் சோதனைக்கு எங்கள் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கும் அதே பிழை இருந்தது. ஒரு தரம்கூட நோய் வராமல் அறுபது வயசு தாண்டிவிட்டாள். பிழை இருக்கிற நிறையப் பேர் அப்படித்தான், சாகும்வரை அவர்களுக்கே தெரியாது என்றார் டாக்டர். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது இன்னும் முழுசாகத் தெரியாதாம். ஆனாலும் இனி நீங்களும் உபவாசம் வேண்டாம் அம்மச்சி என்று சொல்லி அனுப்பினார். அம்மா தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமை வந்ததும் பழையபடி தண்ணீர் செம்போடு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. இத்தன வருஷம் ஆகல. என்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான், இதையும் புடுங்காத" என்றாள். விட்டுவிட்டேன்.

பெனியின் ரிசல்ட் அதற்குப் பிறகு வந்தது. அவளுக்கும் இருக்கிறது. பெரியவளாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. டாக்டர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நோய் வராமலே போகலாம், வேளைக்குச் சாப்பிட்டால், மருந்தில் ஜாக்கிரதையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று. பெனி எல்லாம் கேட்டுக்கொண்டாள். அவள் தன் அம்மாச்சியின், என் அம்மாவின், செல்லம். சின்னப் பிள்ளையிலிருந்தே அம்மாச்சி முழங்காலில் நின்றால் பக்கத்தில் இவளும் நிற்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை வயிற்றில். சீனியைக் கரைத்துக் குடிக்கவைத்துவிட்டு மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சாப்பாட்டைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாளாம். காலையிலும் சாப்பிடவில்லை. எனக்காக, நான் மறுபடி படுக்கக் கூடாது என்று, சில வாரங்களாக வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்திருக்கிறாள்.

"உனக்குப் புத்தி இருக்கா? டாக்டர் அத்தன தடவ சொன்னாங்கல்ல?" கையை ஓங்கிவிட்டேன்.

"அம்மாச்சிக்கும் அதே ஜீன்தானம்மா. அவங்க மட்டும் இருக்கலாமா? ஏசப்பா அவங்களக் காப்பாத்துவாரு, என்னைக் காப்பாத்தமாட்டாரா?"

வாய்க்காரிக்கு வாய் அடைத்த இடம் அதுதான். திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் அம்மா நிற்கிறாள், கையில் தண்ணீர் செம்பு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. பெனிக்கு வலி அரைமணியில் அடங்கியது. வெறும் பசி வலியாகவும் இருக்கலாம்.

அடுத்த வாரம் சபையில் உபவாசக் கூட்டம். நான் நோய்க்குப் பிறகு அந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை, சாப்பிட்டுவிட்டுப் போய் அவர்கள் நடுவில் உட்காரக் கூச்சமாக இருக்கும். அம்மாதான், "நீயும் பிள்ளையும் வாங்க, முன்னால உக்காருங்க" என்றாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. வேதப்புத்தகம் என்று நினைத்தேன்.

மத்தியானப் பாட்டு முடிந்தது. அடுத்து ஜெபத்தை நடத்த வேண்டியது அம்மா. எழுந்து நின்றவள் கண்ணை மூடவில்லை. பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள், பிறகு மூன்று டம்ளர். எனக்கொன்று, பெனிக்கொன்று, மூன்றாவது பாஸ்டருக்காக்கும் என்று எண்ணினேன். கருப்பட்டிக் காப்பி ஊற்றுகிற சத்தம் சபை முழுக்கக் கேட்டது.

"பாஸ்டர், நான் இனிமே உபவாசம் இருக்கமாட்டேன். வெள்ளிக்கிழமையும் இருக்கமாட்டேன். எந்தங்கச்சி லீதியாள் பசியிலதான் போனா. எனக்குத் தெரியாமப் போச்சு. இந்தப் பிள்ளைக்கும் அதே ரத்தம் ஓடுது. ஜெபத்த விடமாட்டேன், சோத்தையும் விடமாட்டேன்."

அம்மா மூன்றாவது டம்ளரைத் தன் வாயில் வைத்தாள். சேலையில் கொஞ்சம் சிந்தியது. சபைக்கு முன்னால், உபவாச நேரத்தில், நின்றபடியே முழுசாகக் குடித்தாள். பெனி என்னைப் பார்க்கவில்லை. அம்மாச்சியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"நான் குடிச்சிட்டேன். இப்ப நீ" என்றாள்.

பெனி குடித்தாள்.